இதை எங்கங்க திறக்கறது?

(கோவையில் சிறு, குறுந்தொழில் முனைவோர் கூடிய அவையில் மென்பொருள் துறையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இங்கே வருவதற்குப் புதிய மேம்பாலத்தில் வந்தேன். உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்கும் அந்தப் பத்துக் கிலோமீட்டர் பாலம் 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. அவரைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் கேட்கும் கதை மோட்டார் சைக்கிள் கதைதான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை வாங்கியே தீரவேண்டும் என்று ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகப் பிரித்தார். பிறகு திரும்பப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு பஸ் விட்டதும், 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்ததும், அன்று அந்த வண்டியைப் பிரித்த கைகள்தான்.

பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் அவரோடு போய்விடவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் எவரும் ஒரு பழைய லேத்தைக்கூடச் சும்மா வாங்கமாட்டீர்கள். பெட்டைத் தடவிப் பார்ப்பீர்கள், ஸ்பிண்டிலைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பீர்கள். ஸ்பேர் எங்கே கிடைக்கும், சர்வீசுக்கு ஆள் உள்ளூரா வெளியூரா, திருப்பி விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று அத்தனையும் கேட்டு முடித்த பிறகுதான் அட்வான்ஸ். அதே நீங்கள், மூன்று லட்சம், ஐந்து லட்சம் கொடுத்து மென்பொருள் வாங்கும்போது இதில் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. லேப்டாப்போடு ஒருவர் வருகிறார், அரைமணி நேரம் கலர் கலராகப் படம் காட்டுகிறார், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். இருபத்தெட்டு வருடமாக மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் பனியன் கம்பெனிக்கும் மென்பொருள் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால், கணபதிப் பக்கம் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பெரியவர் கூப்பிட்டனுப்பினார். பதினொரு வருடமாக ஒரு மென்பொருளில் எல்லாக் கணக்கும் வைத்திருந்தார். அதைப் போட்டுக் கொடுத்த கம்பெனி மூடிவிட்டது. பெயர் வேண்டாம். ஒவ்வொரு மார்ச் முடிவிலும் அவர்கள் ஒரு கீ கொடுப்பார்கள், அதைப் போட்டால்தான் அடுத்த வருடம் ஓடும். அந்த வருடம் கீ கொடுக்க ஆளில்லை. ஏப்ரல் 1 காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் கீ கேட்டு ஒரே ஒரு சின்னக் கட்டம், நடுத் திரையில். உள்ளே தரவு முழுவதும் அப்படியே இருந்தது. வட்டில் கோப்பு இருக்கிறது, அளவும் தெரிகிறது. ஆனால் அந்தத் தரவுத்தளத்தின் கடவுச்சொல் மூடிப்போன கம்பெனியில் வேலை பார்த்த யாரோ ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, லேத்து நின்னு போனா நானே திறந்து பாத்துருவேன். இதை எங்கங்க திறக்கறது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நல்ல வேளையாக அங்கே கணக்கெழுதும் அம்மா நான்கு வருடத்து லெட்ஜரைப் பிரிண்ட் எடுத்துக் கட்டி வைத்திருந்தார். இரண்டு பேர் உட்கார்ந்து ஆறு வாரம் தட்டிச் சேர்த்தார்கள். மீதி ஏழு வருடம் போனது போனதுதான். எந்தக் காஸ்டிங் எவ்வளவு எடை வந்தது, எந்த பேட்டர்னில் ரிஜெக்ஷன் அதிகம், எந்த வாடிக்கையாளர் எந்த மாதத்தில் ஆர்டர் கொடுப்பார் என்று ஒரு தொழிற்சாலை பதினொரு வருடமாகக் கற்றுக்கொண்ட பாடத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது.

சின்னக் கம்பெனிக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருப்பவர்கள். ரஷ்ய நிறுவனமொன்றுக்கு அதில் பங்கு உண்டு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இந்தியச் சட்டப்படி நயாரா எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்திவிட்டது. சந்தா கட்டியிருந்தும், சொந்த ஊழியர்களின் சொந்தக் கடிதங்களை அவர்களால் திறக்க முடியவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்ப வந்தது. அவர்களுக்கு நீதிமன்றம் போக வக்கீல் படை இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்?

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. கிளவுட் வேண்டாம், பழைய நோட்டுக்கே போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மென்பொருளும் ஒரு இயந்திரம்தான் என்கிறேன். அதற்கும் டிராயிங் உண்டு, ஸ்பேர் உண்டு, சாவி உண்டு. டிராயிங் என்பது உங்கள் தரவு எந்தெந்த அட்டவணையில், எந்தப் பெயரில் இருக்கிறது என்ற விவரம். ஸ்பேர் என்பது அந்தத் தரவை வேறு மென்பொருள் படிக்கும்படி எக்செல்லாகவோ சாதாரண எழுத்துக் கோப்பாகவோ வெளியே எடுக்கும் வழி. சாவி என்பது அட்மின் கடவுச்சொல். அது முதலாளியின் பீரோவில் இருக்கவேண்டும், சப்ளையரின் தலைக்குள் இருக்கக்கூடாது. இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தர மறுக்கும் ஆளிடம் மென்பொருள் வாங்காதீர்கள். அவர் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் சரி. நானே வந்தாலும் சரி.

அடுத்தது இன்னும் பெரிய விஷயம். நாம் வாங்கும் மென்பொருள் நம் வேலையைத் தெரிந்து செய்யப்பட்டதா?

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். ஒரு டீ ஷர்ட் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது பாருங்கள். நூல் நிட்டிங்குக்குப் போகிறது. கிரே துணியாக ரோல் ரோலாகத் திரும்புகிறது. அது சாயப்பட்டறைக்குப் போய், அங்கிருந்து காம்பாக்டிங் போய், பிறகு கட்டிங் வந்து, சிலது பிரிண்டிங், சிலது எம்பிராய்டரி என்று பிரிந்து, மறுபடியும் பவர் டேபிளில் சேர்ந்து, செக்கிங், அயர்ன், பேக்கிங் முடிகிறது. பல கம்பெனிகளில் இதில் பாதிக்கு மேல் வெளியே ஜாப் ஒர்க்தான். துணிக்குச் சொந்தக்காரர் ஒருவர், துணியை வைத்திருப்பவர் வேறொருவர். நூறு கிலோ நூல் கொடுத்தால் நூறு கிலோ துணி வராது. நிட்டிங்கில் கொஞ்சம் கழிவு, சாயத்தில் கொஞ்சம் எடை இழப்பு. எவ்வளவு குறைந்தால் நியாயம், எவ்வளவு குறைந்தால் சண்டை என்பதில்தான் லாபமே இருக்கிறது. கட்டிங் மேசைவரை கிலோவில் ஓடிய கணக்கு, மேசையை விட்டு இறங்கும்போது பீஸாக மாறிவிடும்.

இப்போது, எல்லாமே ஒரு கூரைக்குள் நடக்கும் தொழிற்சாலைக்காக வேறெங்கோ எழுதிய ஈஆர்பி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளைக் கொண்டுவந்து இங்கே போடுகிறார்கள். சரக்கு கேட்டைத் தாண்டினால் அதைப் பொறுத்தவரை விற்றாயிற்று என்றுதான் அர்த்தம். ஒரு கம்பெனியில் நானே கண்ணால் பார்த்தேன். சாயத்துக்குப் போன துணியை விற்பனை என்றும், திரும்பி வந்ததைக் கொள்முதல் என்றும் பதிந்துகொண்டிருந்தார்கள். ஸ்டாக் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தது. வியாபாரத் தொகை மட்டும் வீங்கிக்கொண்டே போயிற்று. மூன்று மாதம் கழித்து ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார்.

அதே கம்பெனியில் புரடக்ஷன் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு. ரப்பர் பேண்ட் போட்டு அதற்குள் டெலிவரி சலான்களை மடித்து வைத்திருப்பார். கேட்டு வாங்கிப் பார்த்தேன். பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு ஏழு கட்டம்: தேதி, லாட்டு, டையா, ரோல், கிலோ, வந்தது, பாக்கி. சில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சுழி இருந்தது. "இது என்னங்கண்ணா?" என்றேன். "ஷேடு மாறி வந்ததுங்க. அடுத்த தடவை அந்தப் பட்டறைக்கு லைட் கலர் குடுக்க மாட்டேன்" என்றார். லட்சக்கணக்கில் செலவழித்த ஈஆர்பிக்குத் தெரியாத விஷயம் அந்தப் பென்சில் சுழிக்குத் தெரிந்திருந்தது.

சட்டமும் அந்த நோட்டு கேட்பதையேதான் கேட்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பவேண்டும், இல்லையென்றால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு. ஐடிசி-04 என்ற படிவத்தில் எதை, யாரிடம், எப்போது கொடுத்தோம், எவ்வளவு திரும்பியது என்று காட்டவேண்டும். அந்த அண்ணனின் ஏழு கட்டத்திலும் நோட்டுக்குள் மடித்து வைத்த சலான்களிலும் இதற்கான பதில் ஏற்கெனவே இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர் கற்கவேண்டிய முதல் பாடப் புத்தகம் அந்த நீள நோட்டுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் நாட்டில் நின்று நிலைத்த மென்பொருள்களைப் பாருங்கள், இப்படித்தான் பிறந்திருக்கின்றன. டேலியை எடுத்துக்கொள்ளுங்கள். மில்களுக்கும் ஆலைகளுக்கும் மூலப்பொருளும் உதிரிபாகமும் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் வியாபாரத்துக்கு ஒத்துவரும் கணக்கு மென்பொருள் கிடைக்காமல் தம் மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் அப்படித்தான் அது ஆரம்பித்தது. மில்லுக்குச் சப்ளை செய்த வியாபாரி ஒருவரின் தேவைக்கு எழுதியதால்தான் மளிகைக் கடைவரை போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் இயங்கும், 2011இல் சரவணகுமார் தொடங்கிய கோவை.கோ நிறுவனமும் அப்படித்தான். மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வரில் ஆலோசகராக வேலை பார்த்தபோது அன்றாடம் பட்ட சிரமத்தைத் தீர்க்கத்தான் பிஸ்டாக்360 என்ற மென்பொருளை எழுதினார். இன்று கோவையில் உட்கார்ந்து உலகத்துக்கு விற்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி நம் வெட் கிரைண்டர். 1955இல் பி. சபாபதி அதைச் செய்தபோது ஆட்டுக்கல்லைத் தூக்கி எறியவில்லை. கல் கல்லாகவே இருந்தது, சுற்றும் கை மட்டும் மோட்டாருக்கு மாறியது. மாவு எப்படி அரைபடுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்த மனுசன் செய்த இயந்திரம் அது. அதனால்தான் அடுக்களை அதை ஏற்றுக்கொண்டது, 2005-06இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மென்பொருளையும் அந்த மாதிரி பக்கத்தில் நின்று பார்த்துத்தான் செய்யவேண்டும்.

இப்போதெல்லாம் நான் எங்கே போனாலும் கேட்கும் கேள்வி ஏஐ. "நம்ம கம்பெனிக்கும் ஏஐ போட்டுரலாமுங்களா?" என்று நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். போன மாதம் அப்படிக் கேட்டவரின் ஸ்டாக் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரே 30ஆம் நம்பர் கோம்டு நூலுக்குப் பதினேழு பெயர்கள் இருந்தன. ஒருவர் முப்பதுக்குப் பின்னால் எஸ் போட்டிருக்கிறார், ஒருவர் போடவில்லை, ஒருவர் நூல் வாங்கிய மில்லின் பெயரையே நூலுக்கும் வைத்துவிட்டார். இந்தப் பட்டியலின் மேல் எந்த ஏஐயை உட்காரவைத்தாலும் பதினேழு நூல் இருப்பதாகத்தான் சொல்லும், அதையும் அடித்துச் சொல்லும். முதலில் ஒரு நூலுக்கு ஒரு பெயர் என்று ஆக்குங்கள். புதுப் பெயர் திறக்கும் அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை, ஒரு மாதப் பொறுமைதான் செலவு. அதன் பிறகு ஏஐ பற்றிப் பேசலாம். சாயம் போட்ட துணியில் குறை கண்டுபிடிக்க, பழைய ஆர்டரை வைத்து நூல் தேவையைக் கணிக்க அது உண்மையாகவே உதவும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கிருமி சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். கிராக் செய்த விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள், அவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சிஎன்சியோடு ஒட்டிவந்த பழைய கம்ப்யூட்டரை மாற்ற முடியாது என்றால், அதை இணையத்தோடு இணைக்காமல் தனியாக ஓடவிடுங்கள். பேக்அப் எடுத்த வட்டை மெஷினிலேயே மாட்டி வைக்காதீர்கள். பூட்டுகிறவன் அதையும் சேர்த்துத்தான் பூட்டுவான். எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மொழியைப் பற்றி எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு இதே கோவையில்தான் நடந்தது, கூடவே தமிழ் இணைய மாநாடும். தமிழ் எழுத்துக்கு யூனிகோடு என்று தமிழக அரசு முடிவெடுத்ததும் அப்போதுதான். அதற்கு முன் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்ற சாக்கு இருந்தது. அதற்குப் பிறகு சாக்கே இல்லை. இருந்தும் இன்றுவரை லூம் சூப்பர்வைசரின் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அவருக்கு அகராதித் தமிழ் வேண்டாம். லாட்டு, கிலோ, வந்தது, பாக்கி என்று அவர் நோட்டில் எழுதும் அதே சொற்கள் போதும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் மெஷின்களை ஓட்டுகிறவர்களுக்கு அவர்கள் மொழியிலோ படமாகவோ காட்டுங்கள். இதில் தொழில்நுட்பச் சிரமம் எதுவும் கிடையாது. யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

மெனக்கெடாததற்கு முதலாளிகளான நீங்களும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். கம்ப்ரசருக்கு ஏஎம்சி கட்டுகிறீர்கள், ஏசிக்குக் கட்டுகிறீர்கள். மென்பொருளில் ஒரு மாற்றம் கேட்டால் மட்டும் "அது சும்மா ரெண்டு பட்டன் தானுங்களே" என்கிறீர்கள். அந்த இரண்டு பட்டனை யோசித்து எழுதிய தம்பிக்கும் வீட்டு வாடகை உண்டு. நீங்கள் கொடுக்காததைக் கொடுக்க, ஹோப் காலேஜிலிருந்து திரும்பி டைடல் பார்க் போனால் ஆள் இருக்கிறார்கள். அந்தத் தம்பி அங்கே அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறான். அவனுடைய பெரியப்பா சோமனூரில் தறிக்குப் பாவு நூல் வந்த கணக்கைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதுகிறார். இருவரும் ஒரே வீட்டுக் கல்யாணத்தில் சந்திக்கிறார்கள். அந்தக் காலண்டர் அட்டையைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை.

பின்னால் நிற்கும் கல்லூரித் தம்பி, தங்கைகளுக்கு: நல்ல சம்பளத்துக்கு வேலைக்குப் போங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் படிப்பு முடிவதற்குள் ஒரே ஒரு வாரம், உங்கள் சொந்தத்தில் யாராவது ஒருவருடைய பட்டறையிலோ தறிக் கொட்டகையிலோ சும்மா உட்கார்ந்து பாருங்கள். எதையும் திருத்த வேண்டாம். எதை எழுதுகிறார்கள், எதை மனதில் வைத்துக்கொள்கிறார்கள், எதற்காகப் போனில் சண்டை போடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு யாரோ செய்த நூலக மென்பொருளையே திரும்பச் செய்வதற்குப் பதிலாக, அந்தக் குறிப்பிலிருந்து ஒன்றைச் செய்யுங்கள். சோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் எழுதும்போது, கோவையில் உட்கார்ந்து பல்லடத்துக்கும் கரூருக்கும் எழுத முடியாதா?

முதலாளிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் கம்பெனி திறந்ததும், உங்களுக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் போடுங்கள். "என் தரவு முழுசும் எக்செல்லில் எடுத்து, அட்மின் பாஸ்வேர்டோட சனிக்கிழமைக்குள்ள என் கையில குடுத்துருங்க" என்று கேளுங்கள். சரி என்று சொன்னால் நல்லது, நல்ல ஆளிடம்தான் வாங்கியிருக்கிறீர்கள். இழுத்தடித்தால், வேறு ஆளை அன்றே தேடத் தொடங்குங்கள், அடுத்த மார்ச் 31க்காகக் காத்திருக்காதீர்கள்.